வாலிநோக்கத்தில் குகை கிடையாது

வாலிநோக்கம் பக்கத்தில் அப்படி ஒரு குகை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி என்று எல்லா ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் அந்த வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது, பைக்குக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டு தேடிக் கிளம்பிய பையன்களும் இருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத வீடியோ. பச்சைத் தண்ணீர், இரண்டு பக்கமும் பாறை, தலை மட்டும் நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு, அதற்குள் ஒருவன் நீந்திப் போகிறான், உள்ளே மேலிருந்து வெளிச்சம் இறங்கும் குகை, ஓரத்தில் அருவி. கீழே ‘நம்ம ராம்நாடு மாவட்டத்தில், வாலிநோக்கம் அருகே, யாருக்கும் தெரியாத அதிசயம், அதிகம் பகிரவும்’ என்று போட்டிருக்கிறார்கள். வாலிநோக்கத்தை ஏன் பிடித்தார்கள் என்பது புரிகிறது. நம் கரையில் கொஞ்சமாவது பாறை தெரிகிற இடம் அது. மற்ற ஊர்ப் பெயரைப் போட்டிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்த இடம் எனக்குத் தெரியும். அந்த இடுக்கில் நானே தலையைக் கொடுத்துப் போயிருக்கிறேன். ஓமானில் இருக்கிறது, வாதி ஷாப் என்று பெயர். மஸ்கட்டிலிருந்து சூர் போகிற நெடுஞ்சாலையில் திவி என்ற ஊருக்குப் பக்கம், காரில் ஒன்றரை மணி நேரம். சபரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருந்த நம்மூர் ஆட்கள் பலர் ஏதாவது ஒரு சனிக்கிழமை விடியலில் நாலு பேராகச் சேர்ந்து, டிபன் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்த இடம்தான்.

வீடியோவை எனக்கு அனுப்பியது என் மாமா மகன். “மச்சான், இது நம்மூர்தானாமே?” என்று கேட்டிருந்தான். இல்லடா, ஓமான் என்று சொன்னேன். உடனே இன்னொரு கேள்வி வந்தது: “அப்ப நம்மூர்ல ஏன் இல்ல?”

வீடியோவைவிட இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நம்மிடம் கடல் இருக்கிறது, தீவு இருக்கிறது, பவளப்பாறை இருக்கிறது, சுண்ணாம்புக்கல்லும் இருக்கிறது. குகை மட்டும் ஏன் இல்லை?

முதலில் அங்கே எப்படி என்று சொல்கிறேன். காரை நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே நிறுத்த வேண்டும். தலைக்கு மேல் லாரிகள் போய்க்கொண்டிருக்கும், கீழே தேங்கிய தண்ணீர், அதைக் கடக்க ஒரு சின்ன மோட்டார் படகு. போக வர ஆளுக்கு ஒரு ரியால். இரண்டு நிமிடத்தில் அக்கரை. இந்தத் தூரத்துக்கு ஒரு ரியாலா என்று எங்களோடு வந்த மண்டபத்துக்காரர் படகில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார், நாட்டுப்படகு வைத்திருக்கும் குடும்பத்து ஆள், அவருக்கு மனசு ஆறவில்லை. அக்கரையில் பேரீச்சை, வாழை, அதற்கு நடுவே ஒரு சின்ன வாய்க்கால். ஓமானில் மலை நீரையும் நிலத்தடி நீரையும் இப்படி வாய்க்கால் கட்டித்தான் ஊருக்குக் கொண்டுவருகிறார்கள், ஃபலஜ் என்கிறார்கள். அந்த நாட்டின் ஐந்து ஃபலஜ்களை 2006-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு முழ அகலம்கூட இல்லாத வாய்க்காலில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும், வரத்துக்கால் தூர்ந்துபோன நம் கண்மாய்கள் ஞாபகத்துக்கு வந்து, சரி, அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

அப்புறம் முக்கால் மணி நேர நடை. இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக நிற்கும், நடுவில் உருண்டைக் கல், சில இடத்தில் பாறை விளிம்பில் ஒரு ஆள் போகிற அளவுக்குத்தான் வழி. ரப்பர் செருப்பு போட்டு வந்தவர்கள் பாதி வழியில் அதைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். நடை முடிகிற இடத்தில் முதல் குளம். பையை அங்கேயே பாறை மேல் வைத்துவிட வேண்டியதுதான், இனிமேல் தண்ணீர் வழிதான். கைலி கட்டி இறங்குவேன் என்று ஒருவர் அடம்பிடித்தார். நம் கடலில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பது வேறு, இங்கே நிலை கொள்ளாத தண்ணீரில் கைலி காலைச் சுற்றும். முட்டிக்குக் கீழே இறங்குகிற டிரவுசர்தான் சரி. அது கிராமத்து ஜனங்கள் இருக்கிற இடம், அரை நிர்வாணமாகத் திரியாதீர்கள் என்று அவர்களும் கேட்டுக்கொள்கிறார்கள்.

தண்ணீரில் இறங்கியதும் எனக்கு முதலில் தெரிந்தது குளிர்ச்சி இல்லை, கனம். என் உடம்பு கனத்தது. சின்ன வயதிலிருந்து கடலில் நீந்தியவனுக்கு உப்புத் தண்ணீர்தான் பழக்கம். மல்லாந்து படுத்தால் நெஞ்சும் கால் பெருவிரலும் வெளியே தெரிய அப்படியே கிடக்கலாம். அங்கே அதே மாதிரி மல்லாந்தேன், கால் மெதுவாகக் கீழே இறங்கியது, வாயோரம் தண்ணீர் வந்துவிட்டது. கணக்கு எளிதுதான். கடல் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு சுமக்கிறது, நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம். 60 கிலோ ஆளைக் கடல் ஒன்றரைக் கிலோ கூடுதலாகத் தாங்கிப் பிடிக்கும். ஒன்றரைக் கிலோ என்ன பெரிய விஷயம் என்று தோன்றும், தலையின் எடையில் பெரிய பங்கு அது. கடலில் வளர்ந்தவன் எந்தத் தண்ணீரிலும் நீந்துவான் என்று நம்மூரில் ஒரு மிதப்பு உண்டு. நீந்தலாம்தான், ஆனால் கை இன்னும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். உப்பும் இல்லாமல், அலையும் இல்லாமல், கண்ணைத் திறந்தால் எரியாமல் ஒரு தண்ணீர் இருப்பது எங்கள் நாலு பேருக்குமே விசித்திரமாக இருந்தது. விரல் நீளப் பொடி மீன்கள் வந்து காலைக் கொத்தின. நின்றால் கொத்தும், நகர்ந்தால் விட்டுவிடும்.

குளத்துக்கு அடுத்துக் குளம், நடுவில் கொஞ்சம் தவழ்வது, மறுபடி நீச்சல். கடைசிக் குளத்தின் கோடியில் பாறை மூடிக்கொள்கிறது, வழி முடிந்துவிட்டது என்றுதான் நினைப்போம். பக்கத்தில் போனால்தான் அந்தப் பிளவு தெரியும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே அகலம் ஒரு தலை, அவ்வளவுதான். கீழே, தண்ணீருக்குள், கொஞ்சம் விரிந்திருக்கிறது, அதனால் உடம்பு போகும், தலைதான் வழியைத் தேட வேண்டும். முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இரண்டு பக்கப் பாறையைப் பிடித்து உந்தி உந்திப் போக வேண்டும். காது தண்ணீருக்குள் போய்விடுகிறது. வெளியே பேசியவர்களின் சத்தம் அறுந்துவிட்டு, உள்ளே விழுகிற அருவியின் அதிர்வு மட்டும் பாறை வழியாகக் கையில் தெரிகிறது. பாறை நான் நினைத்த மாதிரிக் கூராக இல்லை. எத்தனையோ காலமாகத் தண்ணீர் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்று இருந்தது, சில இடத்தில் உள்ளங்கை சரியாக உட்காருகிற குழி. வெளிச்சம் மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வருகிறது. வெயில் குளத்தில் விழுந்து, தண்ணீர் வழியாக உள்ளே புகுந்து, அடியிலிருந்து நீலமாக மேலே ஏறுகிறது. என் கை எனக்கே நீலமாகத் தெரிந்தது.

ஒரு சில மீட்டர்தான். சட்டென்று சுவர் விலகி, பெரிய கூடம் அளவுக்கு ஒரு குகை. சின்னக் குகைதான், நம் வீட்டுப் பிள்ளைகள் வீடியோவைப் பார்த்துக் கற்பனை செய்கிற பிரம்மாண்டம் எல்லாம் இல்லை. மேலே பாறை திறந்திருக்கிற இடத்தில் வானம் தெரியும், எதிரே அருவி, அதன் பக்கத்தில் பிடித்து ஏற ஒரு கயிறு தொங்கும். எங்களுக்கு முன்னால் போன பெரியபட்டினத்துத் தம்பி உள்ளே போனதும் “காக்கா!” என்று கத்தியிருக்கிறான், அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அது நாலு பக்கமும் மோதி, இடுக்கில் இருந்த எனக்கு நாலைந்து பேர் கூப்பிடுகிற மாதிரிக் கேட்டது. உள்ளே கால் எட்டாது, உட்காரத் தோதான இடமும் அதிகம் கிடையாது, அதனால் யாரும் ரொம்ப நேரம் இருப்பதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மிதந்து, அருவிக்கு அடியில் தலையைக் காட்டி, சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். கயிற்றில் ஏறிக் குதிக்கிற வீரர்களும் உண்டு. குதிப்பதற்கென்றே பேர்போன பள்ளத்தாக்கு அது, ரெட் புல் நடத்துகிற உலகப் பாறைப் பாய்ச்சல் போட்டியின் 2012-ம் ஆண்டு இறுதிச் சுற்று அங்கேதான் நடந்தது. நாங்கள் குதிக்கவில்லை. கம்பெனிக்காரன் மருத்துவ விடுப்பு தருவானா என்று யோசிக்கிற ஆட்கள் நாங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான வருடத்துக்கு முன் கடலுக்கு அடியில் படிந்து, பிறகு மேலே தூக்கப்பட்டது. கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆயிரம் மீட்டரைத் தாண்டி நிற்கிறது. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பு கிடைத்தால் அதை அரிக்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் வேகமும் சேர்ந்தால் வெடிப்பு பிளவாகும், பிளவு குகையாகும். அதே மலைமேட்டில்தான் மஜ்லிஸ் அல் ஜின் இருக்கிறது, உலகத்தின் மிகப் பெரிய குகை அறைகளில் ஒன்று, ஜின்கள் கூடிப் பேசும் சபை என்று பெயர். மஸ்கட்டிலிருந்து வரும் வழியில் பிம்மா என்ற இடத்தில், சுண்ணாம்புத் தரை உள்ளே கரைந்து அப்படியே உட்கார்ந்துபோய், அடியில் நீலத் தண்ணீரோடு ஒரு பெரிய பள்ளம் கிடக்கிறது. வானத்திலிருந்து நட்சத்திரம் விழுந்து ஆன பள்ளம் என்பது அந்த ஊர்க்கதை. அங்கே கடல் தண்ணீரும் நல்ல தண்ணீரும் பூமிக்கடியில் கலந்து நிற்கின்றன.

நம் கரையிலும் சுண்ணாம்புக்கல் உண்டு. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் மணலைக் கிளறினால் பழைய பவளப்பாறை தட்டும், ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்து, கடல் பின்வாங்கியதும் வெளியே நின்றுபோனது. ஆனால் அது வயசில் சின்னது, உயரத்தில் அதைவிடச் சின்னது. ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் ராமர் பாதம் இருக்கிற கந்தமாதன மேடு, அதில் ஏறி நின்றால் தீவு முழுவதும் தெரியும் என்பதிலிருந்தே மற்ற இடத்தின் உயரம் புரிந்துவிடும். குகை தோண்டத் தண்ணீருக்கு ஓர் இறக்கம் வேண்டும், இங்கே இறங்குவதற்கு இடமே இல்லை. இருந்த கல்லையும் நாம் விட்டுவைக்கவில்லை. கீழக்கரை பழைய வீடுகளின் சுவரைச் சுரண்டினால் பவளக்கல் தெரியும், சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வண்டி வண்டியாகப் போனது. மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கிறது, அதில் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். அந்த இரண்டில் நம் கீழக்கரைத் தீவுக் கூட்டத்துப் பூவரசன்பட்டியும் ஒன்று. சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்தால் அலையைத் தடுக்க என்ன இருக்கும்? 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், கல் எடுப்பது அதற்குப் பிறகும் பல வருடம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே தம்பிகளே, இங்கே குகை இல்லாததற்கு இயற்கை ஒரு காரணம், இருந்திருந்தாலும் நாம் அதை வெட்டி வீடு கட்டியிருப்போம் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் நம் கரை ஒன்றும் குறைந்ததில்லை, அது கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம் பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து கடலுக்குள் ஒரு நடைபாதை, அதன் முடிவில் ஒரு கிணறு, சுற்றிலும் பாக் நீரிணையின் உப்புக்கடல், கிணற்றில் வாளி விட்டால் நல்ல தண்ணீர். சீதைக்குத் தாகம் எடுத்தபோது ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பார்கள். மஸ்கட்டிலிருந்து வந்த பிறகு மாமா மகனைக் கூட்டிக்கொண்டு போய், முதலில் கடலைத் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னேன், அப்புறம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னேன். முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த வழியாக எத்தனையோ தடவை போய்வந்தவன், தங்கச்சிமடத்தில் டீ குடித்துவிட்டு நேரே ராமேஸ்வரம் போய்விடுவானாம்.

தனுஷ்கோடியில் இன்னும் நன்றாகத் தெரியும். 1964 டிசம்பர் புயலில் ஊர் போன பிறகும் அங்கே குடிசை போட்டு இருக்கிற மீனவக் குடும்பங்கள் மணலில் கையால் பள்ளம் தோண்டித்தான் குடிதண்ணீர் எடுத்தார்கள். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு துண்டு மணல், அதில் இடுப்பளவு பள்ளத்தில் ஊறுகிற தண்ணீரைப் பெண்கள் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். வேகமாக மொள்ள மாட்டார்கள். ஊற ஊறத்தான் எடுப்பார்கள், ஆழமும் தோண்ட மாட்டார்கள். காரணம், மழையில் மணலுக்குள் இறங்கிய நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல், ஆணத்தில், அதாவது குழம்பில், எண்ணெய் மிதக்கிற மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி வரைக்கும் அது உப்பைத் தள்ளிப் பிடிக்கும் என்று கணக்கு சொல்கிறார்கள். எந்த இரண்டரைப் பங்கு கனம் என்னை வாதி ஷாப்பில் தண்ணீருக்குள் இழுத்ததோ, அதே இரண்டரைதான் இங்கே வேலை செய்கிறது. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறிவரும். போர் போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால் என்ன ஆகும் என்று கடலோரத்தில் லாட்ஜ் கட்டுகிறவர்களிடம் யாராவது சொன்னால் தேவலை. சிரட்டைக்காரிகளுக்கு அது தெரிந்தே இருந்தது.

இந்தக் கதையை எல்லாம் எங்கள் தெருவில் ஒரு பெரிய மாமாவிடம் சொன்னேன். வயசுக் காலத்தில் சங்கு குளித்தவர், நாலு பாகம், அஞ்சு பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்துக்கு வெறும் மூச்சில் இறங்கியவர். போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

“அங்க சங்கு கெடக்குமா?”

“இல்ல மாமா.”

“மீனு?”

“பொடி மீன்தான்.”

“அப்பறம் என்னத்துக்குடா உள்ள போனிய?”

சிரித்து முடித்துவிட்டு அவர் கேட்ட கேள்விகள்தான் கேள்விகள். இடுக்கு எவ்வளவு நீளம்? தண்ணீருக்கு மேல் மூச்சு விட எவ்வளவு இடம்? மழைக்குப் பிறகு அந்த இடம் இருக்குமா, மூடிக்கொள்ளுமா? எதிரே ஆள் வந்தால் யார் விலகுவது? தண்ணீர் ஏறியிருக்கிற நாளில் தலைக்கு மேல் இடம் இருக்காது, முங்கித்தான் போக வேண்டும் என்றேன். உள்ளே போக எவ்வளவு மூச்சு ஆகுமோ அதைப் போல இரண்டு மடங்கு கையில் இருந்தால்தான் போகணும், ஏனென்றால் முன்னால் போனவன் வழியை மறித்தால் வந்த வழியே திரும்ப வேண்டும் என்றார். மேலே பாறை இருக்கிற தண்ணீரில் அவர் ஒருநாளும் இறங்கியதில்லையாம். கடலில் முடியாவிட்டால் மேலே வந்துவிடலாம், அங்கே மேலே என்பதே கிடையாதே என்றார். எத்தனையோ சுற்றுலா வீடியோ பார்த்துவிட்டேன், ஒருவரும் இதைச் சொன்னதில்லை. இதே கரையில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகிற பெண்களிடம் கேட்டாலும் இப்படித்தான் பேசுவார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, பாறை இடுக்கில் முங்கி எழுகிறவர்கள் அவர்கள். நீச்சல் தெரியும் என்று நம் பையன்கள் சொல்வது அரியமான் கடற்கரையில் கழுத்தளவு தண்ணீரில் கும்மாளம் போடுவதை. அதுவும் நல்லதுதான், அரியமானில் அலை சாந்தம், பிள்ளைகள் பழகலாம். அரிச்சல்முனையில் மட்டும் இறங்காதீர்கள், இரண்டு கடலின் நீரோட்டமும் சேர்கிற இடம், கரையிலேயே இழுக்கும்.

மாமா மகனுக்கு மஸ்கட் விசா வந்துவிட்டது, போனதும் முதல் வேலை அந்தக் குகைதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் அவனை மாதிரி கிளம்புகிறவர்களுக்கும் சொல்கிறேன். மலைப்பக்கம் மழை என்று வானிலை சொன்னால் அந்த வாரம் போகாதே, உன் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை வெள்ளமாக இறங்கும். 2024 ஏப்ரலில் ஓமானில் வந்த வெள்ளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பலர் போய்ச் சேர்ந்தார்கள். காலையில் சீக்கிரம் போ, படகுக்காரர் சாயந்தரம் வீட்டுக்குப் போய்விடுவார். காலைப் பிடித்து நிற்கிற செருப்பு போடு. முங்கி மூச்சடக்கத் தெரியாவிட்டால் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கடைசிக் குளம் வரை போய், இடுக்கை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பு, அதுவரைக்குமே கண்ணுக்கு நிறைய இருக்கிறது. லைஃப் ஜாக்கெட்டை இங்கே வாங்கிப் பெட்டியை அடைக்காதே, அதெல்லாம் மஸ்கட்டிலேயே கிடைக்கும். அந்த இடத்தில் ரெண்டு கிலோ தொதல், நம்மூர் இனிப்பு, வை, ரூமில் இருக்கிறவர்கள் கேட்பார்கள்.